காவல் துண்டு

குளியலறையில் பற்பசை வைக்கும் தட்டில் இரண்டு கோடு விழுந்த ஒரு பட்டை கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. வீட்டில் வேறு பெண் கிடையாது. இவரோ லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊரிலுள்ள அடுக்குமாடிகளில் ஏறி இறங்குகிற ஆள். ஒரு நிமிஷத்துக்குள் என் மனசு போகக்கூடாத இடமெல்லாம் போய்விட்டு வந்தது.

பட்டையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இவர் ஆர்க்கிட் தொட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டுத் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுதியாகிவிட்டது. யார் அவள் என்று கேட்டேன். இவர் நிமிராமலே பக்கத்துத் தொட்டியைக் காட்டினார்.

"இதுதான்," என்றார்.

போன மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. செடிக்கு எடுத்த பரிசோதனைப் பட்டையைக் கொண்டுபோய்ப் பல் துலக்குகிற இடத்தில் வைக்கிற மனுஷனை என்ன செய்வது? ஆனால் இவர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டுவதற்கென்று திறந்த வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

நான் இந்தச் செடிகளுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில் தொட்டிக்குள் கூழாங்கல் கிடக்கிறதே என்று இரண்டை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன். அது கல் மாதிரியே இருக்கிற ஒரு செடியாம். பாலைவனத்திலிருந்து வந்ததாம். இவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித் தேடினார். அன்றிலிருந்து நான் தொட்டிகளைத் தொடுவதில்லை. இவர் செடிப் பேச்சை ஆரம்பித்தால் அடுப்படியில் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அதனால் நோய் பற்றியெல்லாம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதுகொடுத்துக் கேட்டேன்.

இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி, ஒரு திரவத்தில் நசுக்கி, அதில் பட்டையை நிறுத்த வேண்டும். ஒரு கோடு வந்தால் செடி சுத்தம். இரண்டு வந்தால் உள்ளே வைரஸ் இருக்கிறது. மருந்து கிடையாது. காற்றில் பரவாது, தண்ணீரிலும் அவ்வளவாகப் பரவாது. நோயுள்ள செடியை வெட்டிய கத்தரி அடுத்த செடியை வெட்டினால் போதும், அதோடு அதன் கதையும் முடிந்தது. இலையில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் விழுந்ததை இவர் வெயில் பட்ட காயம் என்று நினைத்திருக்கிறார். சந்தேகம் வந்து பட்டை வரவழைத்துப் பார்த்தால் பால்கனியில் பாதிக்கு மேல் இரண்டு கோடு.

செத்தால் செத்துவிட்டுப் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"இந்தத் தொட்டிய நான் போன வருஷம் அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்," என்றார் இவர்.

எனக்குச் சுருக்கென்றது.

அக்கா என்றால் இவருடைய உடன்பிறந்த அக்கா, எனக்கு அண்ணி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செடிப் பைத்தியம் அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது. அந்த ரத்தத்தைப் பரிசோதித்தால் அதிலும் இரண்டு கோடுதான் விழும் என்று நான் கேலி செய்வதுண்டு. அவள் வீட்டு மொட்டை மாடி முழுக்கப் பச்சை வலை கட்டி ஆர்க்கிட் தொங்கவிட்டிருக்கிறாள். அக்காவும் தம்பியும் எந்நேரமும் போட்டிதான். உன்னுடையது பூத்ததா, என்னுடையது பூத்ததா என்று சின்னப் பிள்ளைகள்கூடத் தோற்றுப்போகும்.

அண்ணியின் கணவர் பல் செட் செய்கிறவர். அவருக்குத் தெருவில் பாட்டில்காரர் என்று பெயர். பழைய பேப்பர் கடையில் அகல வாய் பாட்டில்களாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து, ஆள் பெரிய குடிகாரர் என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணில் போட்டால் முளைக்காது. பாட்டிலுக்குள் ஒரு கூழைக் காய்ச்சி ஊற்றி, அதன்மேல் விதையைத் தூவி, காற்றுப் புகாமல் மூடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முளைத்தவற்றைப் பல் செட் செய்கிற இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து நடுவார். ஒரு வெள்ளைப் பூச்செடியையும் ஒரு ஊதாப் பூச்செடியையும் சேர்த்து அவர் எடுத்த விதையில் முளைத்தவை நூற்றுக்கணக்கில் இருந்தன. வருஷா வருஷம் செத்துச் செத்து, கடைசியில் ஒரே ஒரு செடி நின்றது. அது பூக்க ஆறேழு வருஷம் ஆகும் என்றார்கள். அதற்குள் அவர் ஒருநாள் பல் பட்டறையில் மேஜைமேல் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அதற்குப் பிறகு அண்ணிக்கு எல்லாம் அந்த ஒரு தொட்டிதான். அவர் போட்ட பூ எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை குளிர் குறைந்ததும் அக்காவும் தம்பியும் சேர்ந்து தொட்டி மாற்றுவார்கள். மாடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, செடிகளைக் கழற்றி, அழுகின வேரை வெட்டி, புதுத் தொட்டியில் வைப்பார்கள். ஒவ்வொரு செடியை வெட்டியதும் கத்தரியை நெருப்பில் காட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். போன வருஷம் இவர் கையோடு கொண்டுபோன தொட்டியை முதலில் வெட்டி மாற்றியிருக்கிறார். அடுத்ததற்குப் போகும்போது அதற்கென்று வைத்திருந்த நெருப்புக் குழாயில் கேஸ் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று இவர் எழுந்தபோது அண்ணிதான் உட்கார வைத்திருக்கிறாள். கீழே போய் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் எடுத்து வந்தாளாம். பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் எல்லாவற்றையும் இதில்தான் துடைத்தோம், ஊர் நோயெல்லாம் இதில்தான் செத்தது, உன் செடி என்ன பெரிய இதா என்றாளாம்.

"அவ லேப்ல இருந்தவ. அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்," என்றார் இவர். "இந்த வைரஸ் ஸ்பிரிட்ல சாகாது. இப்பதான் படிச்சேன். அத்தானோட செடியில வேர் வெட்டினது அதே கத்தரியிலதான்."

இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றேன். எனக்கு எதையும் மென்று முழுங்கத் தெரியாது. என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று என் மாமியாரே சொன்னதுண்டு. இவர் தலையை ஆட்டினார். சொன்னால் நோய்த்தொட்டி யாருடையது என்பதோடு நிற்காதாம். ஸ்பிரிட் யார் கொடுத்தது என்பதும் வந்துவிடுமாம். தன் கையாலேயே கெடுத்தோம் என்று அக்கா தெரிந்துகொண்டால் தாங்க மாட்டாள் என்றார்.

அதோடு அண்ணியின் அந்தச் செடியில் அப்போது மொட்டு உறை தெரிய ஆரம்பித்திருந்தது. அண்ணி தினமும் சாயந்திரம் கூப்பிட்டுச் சொன்னாள். உறைக்குள் வெளிச்சத்தில் பார்த்தால் நிழல் தெரிகிறது, இரண்டு மொட்டு, ஒன்று பெரியது. இவர் பேசிவிட்டுப் போனை வைக்கும்போதெல்லாம் நான் முறைப்பேன். பூத்துவிடட்டும், ஒருவேளை நோய் தொற்றாமலே இருந்தாலும் இருக்கும் என்பார். எல்லாம் பூசி மெழுகுகிற பேச்சு. அவளுக்கு மற்றத் தொட்டிகளையாவது காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கும், நீங்கள் தள்ளிப்போடப் போட ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் என்று ஒருநாள் கத்திவிட்டேன்.  அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் பால்கனியிலிருந்த நோய்ச்செடிகளையெல்லாம் பிடுங்கிக் கறுப்புப் பைகளில் கட்டினார். ஊரெல்லாம் தேடிச் சேர்த்தவை. சிலவற்றுக்காக எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறார். பைகளைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, கை கழுவி, என்னிடம் சாப்பாடு போடச் சொன்னார். நான் அழுதேன். அந்தச் செடிகளுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பூத்த அன்று காலை அண்ணி இவரைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது. இப்படி ஒரு பூவை இதுவரை எவரும் பார்த்திருக்க முடியாது என்றாள். இதழெல்லாம் கோடு கோடாக, தெளித்த மாதிரி, ஒரு பக்கம் மாதிரி மறுபக்கம் இல்லை என்றாள். தம்பியை அழைத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டார். நோய் கண்ட செடியின் பூவில்தான் நிறம் அப்படி உடைந்து கோடு கோடாக வரும் என்று பஸ்ஸில் போகும்போது சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். ஒரு பட்டையையும் அதற்கான திரவத்தையும் மட்டும் சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தார்.

மாடியில் அண்ணி இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். அவர் போனதற்குப் பிறகு அவள் இஸ்திரி போட்ட புடவை கட்டி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் ஒரு ஸ்டூலின்மேல் அந்தத் தொட்டி. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பூ. வெளிறின நிறத்தில் கருஞ்சிவப்புக் கோடுகள், தீற்றல்கள், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கலான ஊதா. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. செடி என்றால் என்னவென்று தெரியாத எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை. அது நோய் என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை.

"பாத்தியா? வாயத் தொறக்க மாட்டேங்கறான். பொறாமை," என்று அண்ணி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு செடி கிடைத்தால் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைப்பார்கள். இங்கே செத்தாலும் அங்கே இருக்கும். அதற்குக் காவல் துண்டு என்று பெயர். காவல் துண்டை விற்கக்கூடாது, பிறருக்குக் கொடுக்கக்கூடாது, கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்ற சாக்குப்போக்கெல்லாம் அதில் செல்லாது.

அன்றைக்கு அண்ணி ஒரு தட்டில் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்திருந்தாள். சின்னத் தொட்டி, மரப்பட்டைத் துண்டுகள், கத்தரி, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில். ரத்தம் எடுக்க உட்கார்கிறவளைப் போல ஒழுங்காக அடுக்கியிருந்தாள். பக்கத்தில் வேறு மூன்று தொட்டிகளும் இருந்தன. அவையும் இன்றைக்கே வெட்டித் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதற்காம். காவல் துண்டு எனக்குத்தான் என்றாள். தம்பியிடம் கொடுத்தால் புதிதாக எதையாவது செய்து பார்க்கிறேன் என்று கெடுத்துவிடுவான், செடிப் பைத்தியம் இல்லாத ஒருத்தியிடம்தான் அது பத்திரமாக இருக்கும் என்றாள்.  எத்தனை நாளாக இவரைச் சொல்லு சொல்லு என்று பிடுங்கினேன். இப்போது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

பஞ்சை நனைத்துக் கத்தரி அலகைத் துடைத்தாள். இரண்டு பக்கமும் பொறுமையாகத் துடைத்தாள். பிறகு செடியின் அடியைக் கையால் விலக்கினாள்.

"அக்கா, வெட்டாத," என்றார் இவர்.

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பால்கனியில் நோய் வந்தது, பட்டை பார்த்தது, செடிகளைக் குப்பையில் போட்டது, போன வருஷம் தான் கொண்டுவந்த தொட்டிதான் முதல் நோயாளி என்பது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொய் சொன்னார். அன்றைக்கு அவசரத்தில் கத்தரியைத் தான் துடைக்கவே இல்லை என்றார்.

அண்ணி கத்தரியைத் தட்டில் வைத்தாள்.

"தொடச்ச. பஞ்ச நனைச்சுக் குடுத்தவ நான். எனக்கு ஞாபகம் இல்லன்னு நினைச்சியா? இதுல சாகாதா அது?"

"சாகாதுக்கா."

அண்ணி ஸ்பிரிட் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். அவர் ஒருநாளும் நெருப்பில் காட்டாமல் கத்தரியைத் தொட்டதில்லை, புகை நாற்றம் அடிக்கிறது என்று தான்தான் எந்நேரமும் திட்டுவேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு கையை நீட்டிப் பட்டை இருக்கிறதா என்று கேட்டாள். இவர் தானே பார்க்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். இலையைக் கிள்ளி, நசுக்கி, பட்டையை நிறுத்தினாள்.  எத்தனை ஆயிரம் பேருக்கு இப்படிப் பார்த்துச் சொல்லியிருப்பாள். முதல் கோடு உடனே வந்தது. இரண்டாவது கொஞ்சம் யோசித்து வருவது போல வந்தது. அது நன்றாகக் கறுக்கும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப பூவுல இருக்கற இந்தக் கோடெல்லாம்?" என்று கேட்டாள்.

"நோய்தான்க்கா."

"அது இல்லாம இருந்தா இந்தப் பூ எப்படி இருந்திருக்கும்?"

 அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த விதையில் வந்த வேறு செடி ஒன்றும் உயிரோடு இல்லை. மறுபடி விதை போட்டாலும் இதே பூ வராது, ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே முகமாகவா இருக்கிறார்கள். இனி இந்தச் செடி எத்தனை தடவை பூத்தாலும் கோடுகளோடுதான் பூக்கும். ஆறேழு வருஷம் அவரும், அவருக்குப் பின்னால் இவளும் காத்திருந்த பூ எங்கள் எதிரில்தான் இருந்தது, எங்களால் அதைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீ சொல்லு. உனக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால உள்ளத உள்ளபடி சொல்லுவ. கோட்ட விட்டுட்டுப் பாரு. அடியில என்ன நிறம் இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். கோடுகளுக்கு நடுவில் ஓரிடத்தில் வெள்ளை மாதிரி இருந்தது. ஓரிடத்தில் ரோஸ் மாதிரி இருந்தது. ஓரத்தில் அந்த மங்கல் ஊதா. எது பூவின் நிறம், எது நோய் தின்று மிச்சம் வைத்த நிறம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும், அதுதான் உண்மை. வாழ்க்கை முழுக்க எல்லாரிடமும் உள்ளதைப் போட்டு உடைத்தவள் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு விட எனக்கு மனசு வரவில்லை. எது சொன்னால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று யோசித்தேன். சுத்தமாக, அமைதியாக இருக்கிற ஒரு நிறம்.

"வெள்ளைங்க அண்ணி," என்றேன். "நல்ல வெள்ளை."

இவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எங்கோ தவறிவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

"வெள்ளையா," என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் அந்தப் பூவின் ஓரத்தை விரலால் தடவினாள். "நல்ல ஊதா வரணும்னுதான் அவரு இத்தனை வருஷம் பாடுபட்டாரு. வெள்ளை வந்தா தோத்துட்டேன்னு அர்த்தம்னு சொல்லிட்டே இருப்பாரு."

இல்லை அண்ணி, சரியாகத் தெரியவில்லை, ஊதாவாகவும் இருக்கலாம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். முதலில் சொன்ன பொய்யை நம்பினவள், பிறகு சொன்ன உண்மையை நம்பவில்லை.

கறுப்புப் பை கீழே அடுப்படியில் இருக்கிறது, எடுத்து வா என்று தம்பியை அனுப்பினாள். இவர் படியிறங்கிப் போனதும் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு செடியை அவளே பிடுங்கினாள். வேர் தொட்டியோடு ஒட்டியிருந்ததால் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. நல்ல புடவை எல்லாம் மரத்தூள். நான் உதவிக்குக் கையை நீட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பாவம் அவரு," என்றாள்.